நெத்திலி காயாத மாடி

எழுபதுகளின் நடுவில், மின்வெட்டு நாள் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒரு பங்குனி மாதத்தில், எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பு அலுவலகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. முத்தையாபுரத்தில் இருந்த குடியிருப்பு வீடுகளின் மொட்டை மாடிக்குச் சிப்பிச் சுண்ணாம்பு பூசினால் உள்ளே வெப்பம் குறையும், மின்விசிறி ஓடுவதும் குறையும் என்று அதில் சொல்லியிருந்தது. பூசுகிறவர்களுக்குச் செலவில் பாதியைத் தொழிற்சாலை தள்ளுபடியாகத் திருப்பித் தரும். நிபந்தனைகள் மூன்று. மாடியின் முழுப் பரப்பும் பூசப்பட்டிருக்க வேண்டும். ஒரே மாடியைப் பகிரும் இரண்டு வீட்டுக்காரர்களும் கையெழுத்திட வேண்டும். கோடை மூன்று மாதத்தில் மின்சார யூனிட் முந்தைய மூன்று மாதத்தைவிடக் குறைந்திருக்க வேண்டும்.

நான் அப்போது தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் எழுத்தர். சுற்றறிக்கைகளை நின்று முழுதும் படிக்கிற வழக்கம் எனக்கு உண்டு. இதை மூன்று முறை படித்தேன். பணத்துக்காக அல்ல, என் மகளுக்காக.

மகளை ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். அது அவளுக்குத் தலைப்பிரசவம். வைகாசியில் குழந்தை பிறக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வளைகாப்பு முடிந்த அன்றே அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். ஆனால் சம்பந்தியம்மாள் அனுப்பவில்லை. முந்தின ஆண்டு சித்திரையில் எங்கள் வீட்டில் ஒரு மதியம் இருந்துவிட்டுப் போன அனுபவம் அவர்களுக்கு இருந்தது.

"அண்ணன் தப்பா நெனைக்கக் கூடாது. அது வீடா, தோசக்கல்லா? எங்க வீடு ஓட்டு வீடு, பின்னால வாழத்தோப்பு. பிள்ள இங்கனயே இருக்கட்டும். மயினி வேணும்னா வந்து கூட இருந்துக்கிடட்டும்."

வளைகாப்புச் சபையில் சம்பந்தியம்மாள் இப்படிச் சொன்னபோது என் மனைவி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் உள்ளறையின் நடுவில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தாள். "என் பிள்ளைக்குத் தலப்பிரசவம் பாக்க நான் அடுத்த வீட்டுக்கு விருந்தாளியாப் போகணுமா?" என்று கூரையைத்தான் கேட்டாள். பதில் சொல்ல வேண்டியவன் நான்.

கடைசியில் சம்பந்தியம்மாள் ஒரு விஷயத்துக்கு மட்டும் இறங்கி வந்தார்கள். சித்திரை இரண்டாம் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். வீடு பிள்ளைக்கு ஒத்துவரும் என்று தோன்றினால் மகளை அனுப்புவார்கள்.

எங்கள் வீடு இரட்டை வீடுகளில் ஒன்று. நடுவில் ஒரு சுவர், மேலே ஒரே காங்கிரீட் மாடி. பக்கத்து வீட்டுக்காரர் கொதிகலன் பிரிவில் ஷிப்டு வேலை பார்த்தார். அவருடைய மனைவி கடற்கரைக் குடும்பத்துப் பெண். அண்ணன்மார் எல்லோரும் படகுக்காரர்கள். கோடை வந்தால் அவர்களிடமிருந்து கூடை கூடையாக நெத்திலி வரும். அதை அந்தப் பெண் மாடியில் பரப்பிக் காயவைத்து டவுனில் ஒரு கடைக்குக் கொடுப்பாள். ஆனியில் பள்ளிக்கூடம் திறக்கும்போது அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் துணிமணி அந்த வரும்படியில்தான்.

அவர்கள் பாதி மாடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. மதியத்துக்கு மேல் அதன் நிழல் அங்கே விழும். எங்கள் பாதியில் நிழலே கிடையாது. அதனால் ஒன்பது ஆண்டுகளாக அவள் நெத்திலி காயப் போட்டது எங்கள் பாதியில்தான், சரியாக உள்ளறைக்கு மேலே. யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு கை நெத்திலி எங்கள் அடுப்படிக்கு வந்துவிடும்.

இதை நான் அறியாதவன் அல்ல. ஆனால் கையெழுத்து வாங்க வேண்டும் என்றதும், வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் வாங்க வேண்டும் என்று நினைத்தேன். ஆலை வாசலில் இரவு ஷிப்டு முடிந்து வந்தவரை நிறுத்தி, தாளை நீட்டினேன். "அண்ணாச்சி சொன்னாச் சரி" என்று பாதிக் கண்ணோடு கையெழுத்துப் போட்டார். அவருடைய மனைவி அப்போது ஊரில் இல்லை. பெரிய வாரத்துக்கும் ஈஸ்டருக்குமாகப் பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் வரும்வரை காத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சுண்ணாம்பு பூச வந்தவர் சிப்பி சுடும் காளவாசலில் நீண்டகாலம் வேலை பார்த்தவர். சுட்ட சிப்பியைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். அது கொதித்து அடங்கியதும் துணியில் வடிகட்டி, சோற்றுக் கஞ்சியைக் கலந்தார். ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்.

"கெணத்து உப்புத் தண்ணி ஆகாது அண்ணாச்சி. நல்ல தண்ணி வேணும். உப்புத் தண்ணில அடிச்சா ஒரு மாசத்துல அப்பளமா உரியும்."

நல்ல தண்ணீர் லாரியில் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. நான்கு குடம் எடுத்துக் கொடுத்தேன். "மாடிக்குத் தாகம் தீந்துட்டு. மனுசருக்கு?" என்று மனைவி கேட்டாள். மூன்று பூச்சு ஆனது. மறுநாள் காலையில் மாடியைக் கண்ணைச் சுருக்காமல் பார்க்க முடியவில்லை.

நான் தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் ரசீது எழுதிக் கொடுத்து ஒரு வெப்பமானி வாங்கி வந்திருந்தேன். உள்ளறைச் சுவரில், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் ஆணி அடித்து அதைத் தொங்கவிட்டேன். காலையும் மாலையும், மதியச் சாப்பாட்டுக்குச் சைக்கிளில் வீடு வரும்போது ஒன்றரை மணிக்கும் பார்த்து நாட்குறிப்பில் எழுதுவேன். பூசுவதற்கு முன் மதியம் முப்பத்தெட்டரை டிகிரி இருந்தது. பூசிய நான்காம் நாள் முப்பத்தைந்து. வெளியே வெயில் அதே வெயில்தான். அந்த எண்ணை எழுதிவிட்டு இரண்டாம் தடவை போய்ப் பார்த்தேன். மாறவில்லை.

ஈஸ்டர் முடிந்து பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு கூடை நெத்திலியோடு வந்து இறங்கினாள். மாடி வெள்ளையாக இருப்பதைப் பார்த்தாள். வழக்கம்போல எங்கள் பாதியில் பரப்பினாள். காக்கை கொத்தாமல் இருக்க மேலே அண்ணனின் கிழிந்த வலையை விரித்தாள். வழக்கமாக ஒன்றரை நாளில் விறகுச் சிராய்போலக் காய்ந்துவிடும் நெத்திலி, அன்று மாலை மேலே மட்டும் சுருங்கி, அடியில் ஈரமாகவே கிடந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் மதியம் நான் சைக்கிளை நிறுத்தும்போதே நாற்றம் வந்தது. உள்ளறையில் முப்பத்தைந்து டிகிரியும் ஈக்களும் இருந்தன.

அவள் படியிறங்கி வந்து எங்கள் வாசலில் நின்றாள். கையில் ஒரு சுளகு நிறையக் கெட்டுப்போன நெத்திலி.

"அண்ணாச்சி, மாடிக்கு வெள்ளை அடிக்கச் சொன்னது யாரு?"

"சுற்றறிக்கை வந்ததும்மா. உங்க வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டிருக்காரு."

"அவரா நெத்திலி காயப் போடுதாரு? அவருக்கு நெத்திலின்னா சோத்துத் தட்டுலதான் தெரியும். மாடிக்குக் கையெழுத்துன்னா என்கிட்டல்லா வாங்கியிருக்கணும்!"

"அறை சூடு தாங்கல. பிள்ளை பேறுகாலத்துக்கு வரணும்லா..."

"அது எனக்குத் தெரியாதா? அக்கா சொல்லாமயா இருந்திருப்பா? பிள்ளைக்குக் குளிரணும்னா குளிரட்டும், வேண்டாம்னு சொல்லல. ஆனா என் நெத்திலி எங்க போயிக் காயும்? உங்க வெப்பமானி மேலயா?"

உண்மையில் அப்போதுதான் விஷயம் எனக்கு விளங்கியது. ஒன்பது ஆண்டுகளாக அவளுடைய நெத்திலியைக் காய வைத்த சூடும் எங்கள் அறையை வேகவைத்த சூடும் ஒரே சூடுதான். அதில் பாதியை நான் எடுத்துவிட்டேன், மீதிப் பாதி அவளுக்குப் போதவில்லை.

உள்ளே போனதும் மனைவி தணிந்த குரலில் சொன்னாள்: "நான் அப்பவே சொன்னேன், அவ ஊர்லேர்ந்து வரட்டும்னு." அவள் அப்படிச் சொன்னதாக என் நாட்குறிப்பில் இல்லை. அதை நான் எடுத்துக் காட்டவில்லை.

அன்று மாலை பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாதியில், அவளுக்கு வேண்டிய அளவுக்குச் சுண்ணாம்பைச் சுரண்டிவிடுகிறேன் என்று சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்காமல், "பூசை முடிஞ்சு வந்து பாப்பேன்" என்றாள்.

சுரண்டினால் தள்ளுபடி கிடைக்காது. அதைவிட, அடுத்த வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மாள் வரும்போது அறை பழைய தோசைக்கல்லாக இருக்கும். சனிக்கிழமை படுக்கும் முன் மனைவி, "நீங்க செய்யது நியாயந்தான். ஆனா எனக்கு வயிறு எரியுது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இரும்புச் சட்டுவமும் கம்பிப் பிரஷும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். கஞ்சி கலந்த சுண்ணாம்பு நன்றாகப் பிடித்திருந்தது. பலமாக இழுத்தால்தான் பெயர்ந்தது. ஒரு பாய் அகலம் சுரண்டுவதற்குள் கை வலித்தது. அப்போது கீழே கதவு படாரென்று திறந்தது.

"எவம்லே அது மேல? மனுசன் தூங்க வேண்டாமால?"

கைலியை இறுக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர் படியேறி வந்தார். இரவு ஷிப்டு முடிந்து வந்து படுத்திருந்தவர். என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சியா... மன்னிச்சிருங்க. என்ன பண்ணுதிய?"

சொன்னேன். அவர் சுரண்டிய இடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒம்பது வருசமா நைட் ஷிப்டு பாக்குதேன். இந்த ரெண்டு வாரமாத்தான் பகல்ல கண்ணசந்து தூங்குதேன். நீங்க இதப்போயிச் சுரண்டுதிய?"

"உங்க வீட்டுல சொன்னாங்க..."

"அவ சொல்லுவா. அவளா கொதிகலன் முன்னால நிக்கா?"

"நிக்கத்தான் செய்யேன், தெனமும் அடுப்பு முன்னால" என்று படியிலிருந்து குரல் வந்தது. அவள் பூசைக்குக் கட்டிய வெள்ளைச் சேலையோடு, முக்காடு எடுக்காமல் மேலே வந்தாள். "போயிப் படுங்க. இது எங்க ரெண்டு வீட்டுப் பொம்பளைய விசயம்." நானும் ஆண்தான் என்பதை அவள் அப்போது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நெத்திலி கெட்டுப்போன அன்று மாலையே காக்கை வலையைத் தரையிலிருந்து எடுத்துத் துணிக்கொடியில் போட்டிருந்தாள். இப்போது அதை மடிக்க எடுத்தவள் அப்படியே நின்றாள். வலைக் கண்ணிகளில் ஏழெட்டு நெத்திலி மாட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்தாள். டக்கென்று சத்தம் கேட்டது. தரையில் மிஞ்சிக் கிடந்ததில் ஒன்றை எடுத்து வளைத்தாள். அது வளைந்தது, உடையவில்லை.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. இதப் பாருங்க."

நானும் உடைத்துப் பார்த்தேன். வலையில் இருந்தது முழுக்கக் காய்ந்திருந்தது. இரண்டும் ஒரே கூடை நெத்திலி, ஒரே நாள் பரப்பியது.

"கச்சான் காத்து ஆரம்பிச்சிட்டு" என்றாள் அவள், மேற்கே முகத்தைத் திருப்பி. "கீழேருந்தும் மேலேருந்தும் காத்து பட்டா இது வெயில் கேக்காது போலிருக்கே. எங்க ஆத்தா, அவ ஆத்தா எல்லாரும் மணல்லயே போட்டு, மண்ணும் சேத்துத் தின்னுட்டே இருந்துருக்கோம்."

என் கையிலிருந்த சட்டுவத்தைப் பார்த்தாள். "அத வைங்க முதல்ல" என்றாள்.

அன்றே வேலை நடந்தது. ஆறு சவுக்குக் கம்புகள், மணல் நிரப்பிய ஆறு காலி கிரீஸ் டின்கள். கம்புகளை டின்களில் நிறுத்தி, இடுப்பு உயரத்தில் வலையை இழுத்துக் கட்டினோம். முடிச்சுகள் எல்லாம் அவள் போட்டவை. என் முடிச்சு ஒன்றை அவிழ்த்துவிட்டு, "இது செருப்புக் கட்டுத முடிச்சு" என்றாள். திங்கட்கிழமை காலையில் புது நெத்திலியைப் பரப்பினாள். மறுநாள் மதியத்துக்குள் அள்ளிவிட்டாள். வலையின் நிழலும் சேர்ந்ததாலோ என்னவோ, உள்ளறையில் இன்னும் ஒரு டிகிரி குறைந்து முப்பத்துநாலு காட்டியது.

நான் சுரண்டிய பாய் அகலத்தை மறுபடி பூச வேண்டியிருந்தது. அந்த வாரம் தண்ணீர் லாரி இரண்டு முறை வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், எது கூடாது என்று தெரிந்தும், கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து நானே பூசினேன்.

வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மாள் பதினொரு மணி பஸ்ஸில் வந்தார்கள். வாழைத்தார் ஒன்றும், கையில் ஒரு பனையோலை விசிறியும் கொண்டு வந்திருந்தார்கள். அந்த விசிறியைப் பார்த்ததும் என் மனைவியின் முகம் சுண்டிவிட்டது. நான் அன்று அரைநாள் விடுப்பு எடுத்திருந்தேன்.

சாப்பாடு முடிந்தது. மின்சாரம் பன்னிரண்டு மணிக்கே போயிருந்தது. சம்பந்தியம்மாள் உள்ளறையில் பாயில் உட்கார்ந்து, விசிறியை வீசிக்கொண்டே கூரையையும் சுவரையும் பார்த்தார்கள். வெப்பமானியைக் காட்டி நான் விளக்க ஆரம்பித்தேன். பூசுவதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு, வலை கட்டிய பின் எவ்வளவு என்று வரிசையாகச் சொன்னேன்.

"அது என்னமோ அண்ணன், அந்தக் கண்ணாடிக் குழா சொல்லுதது எனக்குப் புரியாது" என்றார்கள். "மேல என்ன, கருவாட்டு வாசமா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சொல்வதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு சிறு ஓலைப்பெட்டியோடு உள்ளே வந்துவிட்டாள்.

"நெத்திலிம்மா. மண்ணு ஒட்டாதது. கடிச்சுப் பாருங்க. பிள்ள பெத்தவளுக்குப் பால் ஊற இதவிட என்ன இருக்கு?"

சம்பந்தியம்மாள் ஒன்றை எடுத்துப் பல்லில் கடித்தார்கள். மணல் நெறுநெறுக்கவில்லை. "எங்க ஊர்ச் சந்தைக்கு வாறதுல பாதி கடக்கரை மணலுதான்" என்றார்கள். பிறகு இரண்டு பெண்களும் நெத்திலி விலை பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை. வெளி அறைக்கு வந்து உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் பேச்சுச் சத்தம் நின்றது. பக்கத்து வீட்டுப் பெண் மெதுவாக வெளியே வந்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனாள். எட்டிப் பார்த்தேன். சம்பந்தியம்மாள் முந்தானையைத் தலைக்கு மடித்து வைத்துப் படுத்திருந்தார்கள். விசிறி கையிலிருந்து நழுவிப் பாய்க்கு வெளியே கிடந்தது. என் மனைவி சுவரோரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை மணி எப்போதோ தாண்டியிருந்தது. வெப்பமானியைப் பார்க்க நான் உள்ளே போகவில்லை.

மூன்றரை மணிக்கு அவர்கள் விழித்தார்கள். எழுந்து உட்கார்ந்து, கொண்டையை முடிந்துகொண்டே கேட்டார்கள்:

"கரண்டு எப்ப வந்துச்சு?"

"இன்னும் வரல மயினி" என்றாள் என் மனைவி.

சம்பந்தியம்மாள் மேலே நின்றுகொண்டிருந்த மின்விசிறியை ஒரு கணம் பார்த்தார்கள். பிறகு, "அடுத்த புதன் நல்ல நாளா இருக்கு. பிள்ளையக் கூட்டிட்டு வாரேன்" என்றார்கள். பஸ் ஏறும்போது விசிறியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டார்கள். மறந்து போனதா என்று தெரியாது. ஓலைப்பெட்டியை மறக்கவில்லை.

தள்ளுபடிக்காக ஓவர்சியர் வைகாசி தொடக்கத்தில் மாடியைப் பார்க்க வந்தார். முதலில் சவுக்குக் கம்புகளைக் காட்டினார்.

"மாடில கம்பு நடக்கூடாது."

"நடல சார், நிக்குது" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண், ஒரு டின்னைத் தூக்கிக் காட்டி.

அவர் அடுத்து, நான் கிணற்றுத் தண்ணீரில் பூசிய இடத்தில் வந்து நின்றார். அது சொன்னபடியே அப்பளமாக உரிந்திருந்தது. ஒரு பாய் அகலம். இது எப்படி நேர்ந்தது என்று கேட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். முழுப் பரப்பு என்று விதி இருப்பதால் அந்த ஆண்டு பரிந்துரைக்க முடியாது என்றார். அவர் சொன்னது சரிதான். யூனிட் குறைந்திருந்ததால் மின்சார பில் குறைந்தது. பூசிய செலவில் பாதி மட்டும் திரும்பி வரவில்லை. அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் மாடியைப் பயன்படுத்துகிறவர் கையெழுத்துக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்று குடியிருப்பு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

அதற்குள் எங்களுக்கு அதையெல்லாம் யோசிக்க நேரம் இல்லை. மகளுக்கு டவுன் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். உள்ளறையில் தொட்டில் கட்டினார்கள். கயிற்று முடிச்சு போட்டது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சேலைத் தொட்டிலுக்கு நேர் மேலே, கூரைக்கு அந்தப் பக்கம், வலையில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது.

நான் வழக்கம்போல ஒன்றரை மணிக்குச் சைக்கிளை நிறுத்திவிட்டு, நாட்குறிப்போடு உள்ளறை வாசலுக்குப் போவேன். மனைவி கையைக் குறுக்கே நீட்டுவாள்.

"உள்ள வராதிய. இப்பத்தான் கண்ணசந்திருக்கா."

வாசலில் நின்றபடி பார்த்தால் ஆணியில் தொங்கும் வெப்பமானி தெரியும், எண் தெரியாது. அந்த ஆண்டு வைகாசிப் பக்கங்களில் காலையும் மாலையும் தவறாமல் எழுதியிருக்கிறேன். ஒன்றரை மணிக்கு நேரே பெரும்பாலும் ஒரு சிறு கோடுதான் இருக்கிறது.